ஓய்வு பெற்ற ஈஸ்ட்

ஸ்கார்வடால் பள்ளத்தாக்கில் பிறப்பு, இறப்பு, செம்மறியாடு ஆகிய மூன்றையும் அரசாங்கத்திடம் பதிவு செய்தாக வேண்டும். முதல் இரண்டுக்கும் ஒரு பக்கப் படிவம் போதும். ஆட்டுக்கு நான்கு பக்கம். பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் இதில் எதிலும் சேராது என்று அங்குள்ள பதினொரு பண்ணைக் குடும்பங்களும் நெடுங்காலமாக நம்பி, அதை ஜாம் பாட்டிலில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் ஊறுகாய் மீனுக்குப் பின்னால் தள்ளிவைத்து, நிம்மதியாக வாழ்ந்து வந்தன. அந்த நிம்மதியைக் கெடுத்தவர் சீவர்ட். கெடுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, கொஞ்சம் பெருமைக்கு ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

சீவர்ட்டுக்கு வயது ஐம்பத்தெட்டு. நூற்றிருபது ஆடுகளும் குன்வோர் என்ற மனைவியும் உண்டு. டிசம்பர் பிறந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் செப்புக் கொப்பரையை அடுப்பேற்றி, ஜூனிப்பர் என்ற மணக்கும் புதரின் கிளை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, கிறிஸ்துமஸுக்கு வேண்டிய பீரை அவரே தயாரிப்பார். பதினொரு வீட்டிலும் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்குச் சொந்த பீர் இல்லாத வீட்டைப் பற்றி ஊரில் யாரும் தவறாகப் பேச மாட்டார்கள். அந்த வீட்டுக்காரர் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அந்த வருடம் கோடையில் ஓஸ்லோவிலிருந்து தாடி வைத்த ஒருவன் வந்தான். நகரத்தில் அப்போது பண்ணைவீட்டு பீர்தான் நாகரிகம். அதற்கு முந்தைய வருடம் புளித்த முட்டைக்கோஸாக இருந்தது. தாடிக்காரன் சீவர்ட்டின் பீரை வாயில் வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் அசையாமல் நின்றான். குன்வோர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவரப் போனார்.

"ஆரஞ்சுத் தோல்," என்றான் கடைசியில். "மழையில நனைஞ்ச குதிரைச் சேணம். அதுக்கு அடியில முந்நூறு வருஷத்து மௌனம்."

"பார்லிதான் தம்பி போட்டோம்," என்றார் சீவர்ட்.

"பார்லி இல்லங்க. ஈஸ்ட். இது உங்க குடும்பத்து ஈஸ்ட். இதுக்கு அரசாங்கத்துல ஒரு துறை இருக்கு தெரியுமா? பதிவு பண்ணா வாசல்ல மாட்டப் பித்தளைப் பலகை குடுப்பாங்க."

பித்தளைப் பலகை வேண்டும் என்று சீவர்ட்டுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் ஒரு விஷயம் பட்டது. பக்கத்துப் பண்ணை டோர்ஷெல் தன் வீட்டுக்குப் போக வேண்டுமானால், காலையும் மாலையும் சீவர்ட்டின் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். மறுநாளே படிவம் வரவழைத்தார்.

மரபுவழி வளர்ப்புயிர்ப் பதிவுத் துறை என்பது அதன் பெயர். அழிந்துவரும் ஆடு, மாடு, குதிரை, வாத்து இனங்களைக் காப்பாற்றுவதற்காக ஏற்படுத்தப்பட்டது. ஈஸ்டுக்கென்று தனிப் படிவம் அடிக்க நிதி ஒதுக்கப்படவில்லையாதலால், கால்நடைப் படிவத்தையே உரிய மாற்றங்களுடன் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை இணைக்கப்பட்டிருந்தது. உரிய மாற்றங்கள் எவை என்று சுற்றறிக்கையில் இல்லை. சீவர்ட் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிறம் என்ற இடத்தில் 'பால் தூக்கலான காபி' என்று எழுதினார். கொம்பு என்ற இடத்தில் 'இல்லை'. குணம் என்ற இடத்தில் 'சாது. சூடு பட்டால் பொங்கும்'.

கடைசிப் பக்கத்தில் 'இப்பண்ணையில் பிறந்த ஆண்டு' என்று ஒரு கட்டம். அங்கே பேனா நின்றது.

உண்மை என்னவென்றால், பதினான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு நவம்பரில் சீவர்ட்டின் ஈஸ்ட் கெட்டு, வீடெல்லாம் செத்த எலி நாற்றம் அடித்தது. அந்த ஊர் வழக்கம் ஒன்று உண்டு. ஈஸ்ட் கெட்டுப்போனவர் காலி பாட்டிலோடு பக்கத்து வீட்டுக்குப் போவார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக்கூடாது, விலை வாங்கக்கூடாது, பிறகு அதைப் பற்றிப் பேசவும் கூடாது. சீவர்ட் போனார், டோர்ஷெல் கொடுத்தார். இரண்டு பேரும் இந்தப் பதினான்கு வருடத்தில் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பேசாமல் இருந்து பழகிய விஷயம் நடக்காத விஷயம் மாதிரி ஆகிவிடும். சீவர்ட் கட்டத்தில் '1714' என்று எழுதி, பக்கத்தில், 'அன்று முதல் இந்தப் பண்ணையை விட்டு வெளியே போனதில்லை' என்றும் சேர்த்தார்.

"ஆயிரத்து எழுநூத்துப் பதினாலா?" என்றார் குன்வோர், தோளுக்குப் பின்னாலிருந்து.

"வீடு கட்டின வருஷம். கதவுமேல போட்டிருக்கு."

"அப்போ என் தையல் மெஷினையும் அதுல எழுது. அதுவும் இந்த வீட்லதான் இருக்கு."

பலகை செப்டம்பரில் வந்தது. சீவர்ட் அதை வாசலில், காரில் போகிறவரின் கண்மட்டத்துக்கு அளந்து மாட்டினார். டோர்ஷெல் இரண்டு நாள் காரின் வேகத்தைக் குறைக்காமல் போனார். மூன்றாம் நாள் குறைத்தார். நான்காம் நாள் இறங்கி, படித்துப் பார்த்துவிட்டு ஏறிப் போனார். அந்த வாரம் சீவர்ட்டுக்குப் பசி நன்றாக எடுத்தது.

நவம்பர் கடைசியில் துறையின் கள அலுவலர் வந்தார். பெயர் ஹால்டிஸ். நாற்பது வயதிருக்கும், மழைக்கோட்டு, சொந்த ஃப்ளாஸ்க், ரொம்ப நல்ல மனுஷி. ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்து, குன்வோர் சுட்டுவைத்த வாஃபிளில் இரண்டு சாப்பிட்டு, பழுப்புச் சீஸை மனதாரப் புகழ்ந்த பிறகே ஃபைலைத் திறந்தார். கத்துகிற அதிகாரியாக இருந்தால் பதிலுக்குக் கத்தலாம். இந்த மாதிரி ஆளை என்ன செய்வது?

"வளர்ப்புயிரைப் பாக்கலாமா?"

சீவர்ட் ஊறுகாய் மீனை நகர்த்தி ஜாம் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். ஹால்டிஸ் அதைச் சற்று நேரம் பரிவோடு பார்த்தார்.

"எத்தனை உருப்படி?"

"எண்ணினதில்லைங்க. ஒரு சொட்டுலயே பல கோடி இருக்கும்னு அந்தத் தாடிக்காரன் சொன்னான்."

"படிவத்துல அஞ்சு கட்டம்தான் இருக்கு. அதோட, இத்தனை கோடியை இந்தப் பாட்டில்ல அடைச்சு வச்சிருக்கீங்கன்னு நான் எழுதினா, இட நெருக்கடின்னு நடவடிக்கை எடுக்க வேண்டி வரும். பெரிய பாட்டிலுக்கு மாத்த முடியுமா?"

"மாத்தினா இன்னும் பெருகும்."

"அப்போ இன்னும் பெரிய பாட்டில்," என்ற ஹால்டிஸ், தானே யோசித்துப் பார்த்து, அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று கண்டு பேனாவைக் கீழே வைத்தார். "ஒண்ணு பண்ணலாம். எல்லாம் ஒண்ணுலேருந்து பிரிஞ்சதுதானே? மொத்தத்தையும் ஒரே உயிர்னு எடுத்துக்கறேன். உங்களுக்கும் சுலபம்."

"ரொம்ப நன்றிங்க," என்றார் சீவர்ட். மனிதர் தன் கழுத்துக்கு வந்த கயிற்றுக்கு நன்றி சொன்னது அந்த இடத்தில்தான்.

"தீனி?"

"சர்க்கரை. பார்லிச் சாறுல இருக்கறது."

"சாணம், மூத்திரம் எல்லாம் எப்படி அகற்றுறீங்க?"

சீவர்ட் மனைவியைப் பார்த்தார். குன்வோர் ஜன்னலைப் பார்த்தார்.

"குடிச்சிடுவோம்," என்றார் சீவர்ட்.

ஹால்டிஸ் அதையும் எழுதிக்கொண்டார். அவர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. "வேலை வாங்கும்போது ஏதாவது துன்புறுத்தல் உண்டா? கோபிச்சுக்காதீங்க, எல்லார்கிட்டயும் கேக்கணும்."

இங்கே சீவர்ட் உண்மையைச் சொன்னார். நல்ல மனிதர்களிடம் மாட்டிக்கொண்டால் அப்படித்தான், நாக்கு அடங்காது. ஈஸ்டைப் பீப்பாயில் ஊற்றும்போது, அது தூங்கிக் கிடக்காமல் எழுந்து வேலை செய்ய, வீட்டுக்காரர் பீப்பாய்க்குள் தலையை விட்டு உயிர் போகிற மாதிரி ஒரு கத்து கத்த வேண்டும். எவ்வளவு பலமாகக் கத்துகிறாரோ அவ்வளவு வீரியமாக பீர் வரும். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம்வரை கேட்கும். அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் அக்கம்பக்கத்தார், இன்ன வீட்டில் பீர் போட்டாயிற்று என்று தெரிந்துகொள்வார்கள்.

"உயிரினத்தை நோக்கிக் கத்துதல்," என்று முணுமுணுத்தபடியே எழுதினார் ஹால்டிஸ். பிறகு பக்கத்தைத் திருப்பினார், அவர் முகம் வாடியது. "சீவர்ட், இதுக்கு என்ன வயசுன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். ஆயிரத்து எழுநூத்துப் பதினாலு."

"ஒரே உயிர், முந்நூத்துப் பத்து வயசு." அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "பிரிவு பத்தொன்பதுல தெளிவா இருக்கு. பதினஞ்சு வயசு நிறைஞ்ச எந்த வளர்ப்புயிரையும் வேலையில ஈடுபடுத்தக் கூடாது. குதிரைக்காக எழுதினது. ஆனா 'எந்த'ன்னுதான் இருக்கு."

"அப்படீன்னா?"

"உங்க ஈஸ்ட் ஓய்வு பெற்றாச்சு. சொல்லப்போனா, இருநூத்துத் தொண்ணூத்தஞ்சு வருஷமா சட்டவிரோதமா வேலை பாத்துட்டு இருக்கு."

குன்வோர் வாஃபிள் தட்டை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்.

"கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லைங்க," என்றார் சீவர்ட். "பதினஞ்சாம் தேதிக்குள்ள போடலைன்னா பீர் இல்லை."

"எனக்குப் புரியுது."

"அந்தப் பித்தளைப் பலகையோட வந்த காகிதத்துல, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதே ஈஸ்ட்ல பீர் போடணும், தவறினா பலகையைப் பறிச்சுப் பேப்பர்ல பேர் போடுவோம்னு எழுதியிருக்கே."

"அது பலகைப் பிரிவு. நாங்க நலப் பிரிவு. அவங்க ரெண்டாவது மாடி," என்றார் ஹால்டிஸ். ஜாம் பாட்டிலின் கழுத்தில், ஆட்டின் காதில் மாட்டுகிற மஞ்சள் வில்லை ஒன்றைக் கட்டினார். காதில்லாத விலங்குகளுக்கு வில்லையைக் கூண்டில் கட்டலாம் என்று விதி இருந்தது. "பதிவாளர் உத்தரவு வர்ற வரைக்கும் வெதுவெதுப்பா, சத்தம் இல்லாத இடத்துல வைங்க. வேலை எதுவும் குடுத்துடாதீங்க."

அவர் போன பிறகு குன்வோர் மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"பதினாலு வருஷம்," என்றார்.

"என்ன பதினாலு?"

"டோர்ஷெல் குடுத்து பதினாலு வருஷம் ஆகுது. பதினஞ்சு ஆகல. உண்மையை எழுதிக் குடுத்தா இந்த வருஷம் வேலை வாங்கலாம். வாயைத் திறந்து உண்மையைச் சொல்றதுல என்ன கஷ்டம் உனக்கு?"

கஷ்டம் சீவர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். பலகை மாட்டிய வாசலிலேயே நின்றுகொண்டு, அது இரவல் என்று சொல்ல வேண்டும். மூன்று நாள் யோசித்தார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டவன் கடைசியில் ஊர்நடுவே எழுந்து நின்று வேட்டியை உதறித்தான் ஆக வேண்டும். நான்காம் நாள் துறைக்குப் போன் செய்தார். பதினான்கு வயதுதான் என்றால் ஆட்சேபணை இல்லை, ஆனால் ஈன்ற பண்ணையின் உரிமையாளரிடமிருந்து பிறப்புச் சான்று வேண்டும் என்றார் ஹால்டிஸ், உண்மையான சந்தோஷத்தோடு.

டோர்ஷெல் தன் கொட்டகையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். சீவர்ட்டைவிட இரண்டு வயது பெரியவர், பேச்சில் சிக்கனம். சீவர்ட் சொன்னதையெல்லாம் கோடரியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பேச்சை எடுக்கறதில்லைன்னு வழக்கம்," என்றார்.

"எடுக்கற மாதிரி ஆயிடுச்சு. ஒரு கையெழுத்து போடுப்பா. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி உன் பண்ணையில பிறந்தது, அவ்வளவுதான்."

"முடியாது."

"ஏன்?"

டோர்ஷெல் திறந்து கிடந்த கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினார். அதன் பின்னால் இருந்த சுவரில், இன்னும் மாட்டப்படாமல் சாய்த்து வைத்தபடி, ஒரு பித்தளைப் பலகை இருந்தது. அதில் 1689 என்று போட்டிருந்தது.

"உன் வீடே எண்பது வருஷம்தான் ஆச்சு," என்றார் சீவர்ட்.

"உன்னுது எழுநூத்துப் பதினாலுன்னு பாத்தேன். அதுக்கு முந்தி எது கிடைச்சாலும் போதும்னு போட்டேன். எந்தக் காலத்துலயும் யாருக்கும் குடுத்ததில்லைன்னும் எழுதியிருக்கேன். இப்ப உனக்குக் கையெழுத்துப் போட்டா நான் பொய் சொன்னவன் ஆயிடுவேன்."

"பொய்தானே சொன்ன?"

"பொய் சொல்றது வேற. சொன்னவன் ஆகறது வேற."

சீவர்ட் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்தார். "அப்போ உன்னோடதுக்கும்...?"

"போன செவ்வாய்க்கிழமையே ஓய்வு குடுத்துட்டாங்க. அந்தப் பொம்பளை நல்ல பொம்பளை. ரெண்டு வாஃபிள் சாப்பிட்டுச்சு." டோர்ஷெல் கோடரியைத் தூக்கி, மறுபடி இறக்கினார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் கையெழுத்துப் போட்டாலும் உனக்குப் பிரயோஜனம் இல்லை. என் ஈஸ்ட் முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை கெட்டுப்போச்சு. அப்ப எனக்கு யார் குடுத்தாங்கன்னு நினைக்கற? உங்கப்பா."

சீவர்ட் வீடு திரும்பும்போது மனம் துள்ளியது. அப்படியானால் ஈஸ்ட் அவருடையதேதான். வேலியைத் தாண்டிப் போய், பதினாறு வருடம் மேய்ந்துவிட்டு, தானாக வீடு திரும்பியிருக்கிறது. துள்ளல் வாசல்வரைதான் நீடித்தது. அவருடையதேதான் என்றால் அதற்கு முந்நூற்றுப் பத்து வயது. உண்மையைச் சொன்னாலும் பொய்யைச் சொன்னாலும் வயது குறைய மாட்டேன் என்கிறதே என்று அவருக்கு அழுகை வந்தது. வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஆடுகளுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

அந்த வாரத்தில் மெல்ல மெல்லத் தெரியவந்தது என்னவென்றால், பதினொரு பண்ணையும் பதிவு செய்திருந்தன. ஆண்டுகள் 1714-ல் தொடங்கி ஏலம் போவதுபோல் பின்னோக்கிப் போய், ஆற்றங்கரைப் பண்ணையில் 1349-ல் நின்றன. அது கொள்ளைநோய் வந்த வருடம், ஊரில் ஈ காக்கை மிஞ்சவில்லை. ஈஸ்ட் மிஞ்சியது என்று அந்த வீட்டுக்காரர் எழுதியிருந்தார்.

டிசம்பர் பத்தாம் தேதி பதிவாளரின் உத்தரவு வந்தது. மேற்படி பதினொரு மூத்த உயிர்களும் நெடுங்காலம் சூட்டிலும் கூச்சலிலும் உழைத்துக் களைத்துள்ளமையால், அவற்றைத் தலைநகரிலுள்ள ஓய்வகத்தில், நான்கு டிகிரி குளிரில், அரசுச் செலவில் பராமரிக்க ஆணையிடப்படுகிறது. ஹால்டிஸ் பஞ்சு வைத்த பெட்டியோடு வந்து பதினொரு ஜாம் பாட்டில்களையும் வாங்கிக்கொண்டு போனார். காரை மெதுவாகவே ஓட்டினார்.

அன்று ராத்திரி படுக்கையில் சீவர்ட் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். உப்பிட்டுக் காயவைத்த ஆட்டு விலா பரணில் தயாராகத் தொங்குகிறது. உருளைக்கிழங்கு ரொட்டி அடுக்கியாயிற்று. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் பீப்பாய் திறக்கும் நாள் வரும். அன்று யாரையும் யாரும் அழைக்க வேண்டியதில்லை, பதினொரு வீட்டாரும் வீடு வீடாக வந்து ருசி பார்ப்பார்கள். வந்து இவர் வீட்டில் என்ன ருசி பார்ப்பார்கள்? அவர் அப்பா, சாகும் வருடம்கூட, நாற்காலியில் உட்கார்ந்தபடி பீர் போட்டவர்.

"குன்வோர்," என்றார். "ரொட்டிக்கு ஒரு ஈஸ்ட் போடுவியே, கடையில மஞ்சப் பாக்கெட்டு. அதுல பீர் வருமா?"

குன்வோர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். "நம்ம ஊர்க் கடையில வாங்காத," என்றார் பிறகு.

சீவர்ட் இரண்டு மலை தாண்டி, யாரும் தன்னைத் தெரிந்திராத ஒரு கடைக்குப் போனார். தலையில், வெளியூரில் இருக்கும் மகனுடைய பெரிய தொப்பி. ரொட்டிச் சாமான் அலமாரியில் ஈஸ்ட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கல்லாவில் இருந்த பெண் உள்ளே போய்க் கடைசி மூன்று பாக்கெட்டைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு நாளா ஒரே கிராக்கிங்க," என்றாள். "வர்றவங்க எல்லாம் உங்க வயசு ஆளுங்கதான். பெருசு பெருசா தொப்பி போட்டுட்டு வர்றாங்க. எல்லாருக்கும் திடீர்னு ரொட்டி சுடணும்னு ஆசை."

"நல்லதுதானே," என்றார் சீவர்ட்.

பதிமூன்றாம் தேதி கொப்பரை ஏறியது. ஜூனிப்பர் வாசனை கொட்டகையை நிறைத்தது. எல்லாம் வழக்கம்போல நடந்தது, பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டிய நிமிடம்வரை. ஊற்றிவிட்டு சீவர்ட் தயங்கி நின்றார்.

"கடை ஈஸ்டுக்குக் கத்தணுமா?"

"நீ அதுக்காகவா கத்தற? அக்கம்பக்கத்துக்குக் கேக்கணும். கத்து."

சீவர்ட் பீப்பாய்க்குள் தலையை விட்டுக் கத்தினார். துறையையும் பிரிவு பத்தொன்பதையும் பலகையையும் நினைத்துக் கத்தியதால் அது முன் எப்போதும் இல்லாத அளவுக்கு நன்றாக வந்தது. தலையை வெளியே எடுத்தபோது டோர்ஷெல்லின் கொட்டகையிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. பிறகு ஆற்றங்கரையிலிருந்து ஒன்று. அன்று சாயங்காலத்துக்குள் ஸ்கார்வடாலில் பதினொரு கத்தல் கேட்டது. ஒவ்வொரு வீட்டிலும் புருஷன் பெண்டாட்டியைப் பார்த்து, "படுபாவி, கொஞ்சம் ஒளிச்சு வச்சிருக்கான்," என்று அடுத்த வீட்டைப் பற்றிச் சொன்னார்.

பீப்பாய் திறக்கும் நாளில் சீவர்ட்டின் சமையலறை நிறைந்தது. தாடிக்காரன்கூட ஓஸ்லோவிலிருந்து நாலு சிநேகிதர்களோடு வந்திருந்தான். மரக்கிண்ணம் கைமாறிக் கைமாறிப் போனது. சீவர்ட்டின் கண் அதன் பின்னாலேயே போனது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், 'இதென்ன ரொட்டி வாடை' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

ஆற்றங்கரைக்காரர் ஒரு மிடறு குடித்து, கூரையைப் பார்த்தார். "இதுதான்," என்றார். "அதேதான்."

"எங்கப்பா காலத்து ருசி," என்றார் இன்னொருவர்.

தாடிக்காரன் கண்ணைத் திறந்தபோது அவை கலங்கியிருந்தன. "சேணம் இன்னும் ஆழமா வந்திருக்கு," என்றான். அவனுடைய சிநேகிதர்களுக்கும் சேணம் தெரிந்தது.

எல்லோரும் அடுத்த வீட்டுக்குக் கிளம்பியபோது டோர்ஷெல் மட்டும் பின்தங்கினார். கோட்டுப் பைக்குள்ளிருந்து காலி ஜாம் பாட்டில் ஒன்றை எடுத்து, மேஜையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. கொடுப்பது என்ன என்று சொல்லவும் சீவர்ட்டுக்கு வாய் வரவில்லை. பீப்பாயின் அடியிலிருந்து வழித்து, பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார். மறுநாள் டோர்ஷெல் வீட்டிலிருந்து சீவர்ட்டும் ஒரு பாட்டில் வாங்கிவந்தார், மரியாதைக்கு. அந்தக் கிறிஸ்துமஸில் பதினொரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் ரொட்டி ஈஸ்டை இப்படிப் பயபக்தியோடு பரிமாறிக்கொண்டனர். அது பற்றி யாரும் பேசவில்லை.

ஜனவரி மூன்றாம் வாரம் ஹால்டிஸ் வந்தார். வாஃபிளைத் தொடவில்லை. ஓய்வகத்தில் இருக்கும் மூத்த உயிர்களுக்கு வழக்கமான உடல் பரிசோதனை நடந்ததாம். அறிக்கையை மேஜையில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"பதினொண்ணும் ஒண்ணுதான் சீவர்ட். அது பரவாயில்லை. ஆனா பதினொண்ணும் கடையில விக்கற மஞ்சப் பாக்கெட் ஈஸ்ட்."

"எங்க பழைய ஈஸ்டா? நீங்க வாங்கிட்டுப் போனதா?"

"ஆமா."

சீவர்ட் நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். இருபது வருடத்துக்கு முன்போ ஐம்பது வருடத்துக்கு முன்போ, இந்தப் பள்ளத்தாக்கில் எவனோ ஒருவன் தன் ஈஸ்ட் கெட்டுப்போய், கேட்க வெட்கப்பட்டு, பெரிய தொப்பி போட்டுக்கொண்டு இரண்டு மலை தாண்டிப் போயிருக்கிறான். போனவன் தன் அப்பாவாக இருக்காது என்று நினைக்க அவருக்கு ஆசையாக இருந்தது.

"அப்போ எல்லாத்தையும் ரத்து பண்ணிடுவீங்க," என்றார்.

"முடியாதே. பதிவேட்டுல நீக்கறதுக்கு 'இறந்தது'ன்னு ஒரு காரணம்தான் இருக்கு. அதெல்லாம் உயிரோட இருக்கு, நல்லா இருக்கு. பதினோரு பலகைல பதிவாளர் கையெழுத்து இருக்கு. துறை தப்பு பண்ணியிருக்க முடியாது." ஹால்டிஸ் பெருமூச்சு விட்டார். "அதனால நேத்து கூட்டத்துல முடிவாச்சு. கடை ஈஸ்ட் உங்க ஈஸ்ட் ஆகல. உங்க ஈஸ்ட்தான் கடைக்குப் போயிருக்கு. ஸ்கார்வடால் இனம், முன்னொரு காலத்துல பட்டியை விட்டுத் தப்பிச்சு, இன்னைக்கு நாட்டுல இருக்கற எல்லாச் சமையலறையிலயும் பதிவில்லாம திரியுது. எல்லாத்தையும் கணக்கெடுக்கணும். வீடு வீடா."

"எத்தனை லட்சம் வீடு," என்றார் சீவர்ட்.

"இருபத்தஞ்சு லட்சம். எங்ககிட்ட கள அலுவலர் நான் ஒருத்திதான். இந்த இனத்தைப் பார்த்துப் பழகினவங்க வேணும்னு பதிவாளர் சொன்னார். உங்க பேரைச் சொன்னேன். மழைக்கோட்டு, ஃப்ளாஸ்க் எல்லாம் துறையே குடுக்கும்."

சீவர்ட் சிரித்தார். குன்வோரும் சிரித்தார். இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குத் தானும் போவதா என்று சீவர்ட் கேட்டார். பிறகு, அந்தக் கோட்டில் துறையின் முத்திரை முதுகில் இருக்குமா நெஞ்சில் இருக்குமா என்று கேட்டார்.

பிப்ரவரி முதல் திங்கட்கிழமை காலை அவர் டோர்ஷெல் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றினார். உள்ளே டோர்ஷெல் காபி குடித்துக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாத்திரம், மேலே ஈரத்துணி மூடி, துணி மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. சீவர்ட் துணியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார்.

"இது எத்தனை நேரமா இந்தச் சூட்டுல இருக்கு?"

"பன் மாவுடா," என்றார் டோர்ஷெல். "சாயங்காலக் காபிக்கு."

"மாவுன்னு நீ சொல்ற. நான் அப்படி எழுத முடியாது. இதை அடுத்து என்ன பண்றதா உத்தேசம்?"

"என்ன பண்ணுவாங்க? அடுப்புல வச்சு சுடுவாங்க."

சீவர்ட்டின் பேனா நின்றது. "உயிரோடயா?" என்றார்.

டோர்ஷெல் கோப்பையைக் கீழே வைத்தார். எதிரே இருந்த மழைக்கோட்டையும் அதன் நெஞ்சிலிருந்த முத்திரையையும் பார்த்தார், பிறகு அதற்குமேல் இருந்த முகத்தைத் தேடினார். "சீவர்ட், நாம முப்பது வருஷமா பக்கத்து வீடு."

"தெரியும்ப்பா," என்றார் சீவர்ட், நிஜமான பரிவோடு. "அதனாலதான் முதல்ல உன்கிட்ட வந்தேன்."